மூச்சுக்கு நன்றி

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகள் எல்லாம் கஷ்ட காலத்தில்தான் பிறந்திருக்கின்றன. குளிர் வாட்டியபோது நெருப்பு பிறந்தது. சுமை முதுகை ஒடித்தபோது சக்கரம் பிறந்தது. மெத்தைக்கு ஆர்டர் குறைந்தபோது நன்றியுணர்வு பிறந்தது. முதல் இரண்டையும் கண்டுபிடித்த புண்ணியவான்கள் யாரென்று தெரியாது. மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் மெத்தைக் கம்பெனி முதலாளி. ஒரு மலை வாசஸ்தலத்தில், காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, சாய்வு நாற்காலியில் இருந்தபடி அவர் அதைக் கண்டுபிடித்தார்.

முதலாளியைப் புகழச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. அதனால் நாம் அவரை விட்டுவிடுவோம். இது அந்தக் கண்டுபிடிப்பை வாழ்ந்து காட்டிய ஒரு மனிதரின் வரலாறு. அவர் அந்தக் கம்பெனியின் ஃபோம் பிரிவு சூப்பர்வைசர். பிறந்ததிலிருந்து யாரையும் எதிர்த்துப் பேசியறியாதவர். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், மிதித்தவரிடம் “என் கால் உறுத்துதுங்களா?” என்று விசாரிப்பார். இப்படிப்பட்ட மண்ணில்தான் நன்றி விதை போட்டவுடன் முளைக்கும்.

ஃபோம் பிரிவு என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஆள் உயர ஃபோம் கட்டிகள் ஒரு பக்கமாக உருண்டு வரும். நடுவில் ஓடும் பிளேடு அவற்றை மெத்தைக் கனத்துக்குச் சீவித் தள்ளும். சீவும்போது மாவு போலத் தூசி பறக்கும். சாயங்காலம் வெளியே வருகிறவர்களுக்குக் கண் இமையெல்லாம் மஞ்சளாக இருக்கும். இந்தத் தூசியை இழுத்துக்கொள்ள, சுவரோரம் பீரோ மாதிரி ஒரு மெஷின், யானைத் தும்பிக்கை மாதிரி குழாய்களோடு நின்றது. நின்றது என்பதுதான் சரியான சொல். அது ஓடி ரொம்ப நாளாகியிருந்தது. மோட்டார் புகைந்துவிட்டது; ஆர்டர் வரட்டும், பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பிளேடுக்கு முன்னால் நிற்பவர் சூப்பர்வைசரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவரை, முதலாளியிடம் கெஞ்சி உள்ளே கொண்டுவந்தது சூப்பர்வைசர்தான். இளைஞர், கைத்திறமைக்காரர், வாய்த்திறமை அதைவிட ஒரு படி மேல்.

முதலாளி மலையிலிருந்து இறங்கும்போது தனியாக இறங்கவில்லை. ஒரு பயிற்சியாளரையும் கூட்டி வந்தார். காலர் இல்லாத வெள்ளைச் சட்டை, தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பது போன்ற குரல். ஃபோம் பிரிவில் எல்லாரையும் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

“மூச்சு உள்ள போகுதா?”

போகுது என்றார்கள்.

“வெளிய வருதா?”

வருது என்றார்கள்.

“அதுக்கு என்னிக்காவது நன்றி சொல்லியிருக்கீங்களா?”

யாரும் சொல்லியிருக்கவில்லை. எவ்வளவு பெரிய துரோகம் செய்துவிட்டோம் என்று கொட்டகையே தலைகுனிந்தது. அன்று மாலைக்குள் அவருக்கு “மூச்சு சார்” என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்து மூச்சு சார், கண்ணில் படும் ஏதாவது ஒரு பொருளுக்கு நன்றி சொல்லும்படி சூப்பர்வைசரைக் கேட்டார். சூப்பர்வைசர் பயந்துபோய்த் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைக் காட்டினார். அவர் விரலை நீட்டவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. விசிறி தளர்ந்து நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. மேலே பார்த்து, மனதாரச் சொன்னார்: “இவ்வளவு நேரம் சுத்துச்சே, அதுக்கு நன்றி.”

மூச்சு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சீடரை எந்த நிறுவனத்திலும் பார்த்ததில்லை என்று முதலாளியிடம் சொன்னார். அந்த இடத்திலேயே சூப்பர்வைசர் “நன்றி ஒருங்கிணைப்பாளர்” ஆக்கப்பட்டார். சம்பளம் அதே. சட்டையில் குத்திக்கொள்ள மஞ்சள் வில்லை ஒன்று கொடுத்தார்கள். அதைக் குத்திக்கொண்டு அவர் வீட்டுக்குப் போன நடை, கல்யாணத்தன்று கூட அவருக்கு வாய்த்ததில்லை.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து துணி வாங்கிவந்து தைத்துக் கொடுப்பது அவர் வேலை. கணவர் வந்து எதிரே நின்று, குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்ததற்கு நன்றி என்றார். மனைவி எழுந்து வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சுடவில்லை. சரி, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

சரியாகவில்லை. சாம்பாரில் உப்பு குறைந்தால், குறைந்ததற்கு நன்றி, இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இவர்கள் வாசலில் பைக்கை நிறுத்தினால், நம்மை நம்பி நிறுத்தினாரே என்று நன்றி சொன்னார். மழைக்காலம் வந்து கட்டிலுக்கு மேலே கூரை ஒழுக ஆரம்பித்தபோது, கீழே ஒரு குண்டானை வைத்துவிட்டு, ஒரே இடத்தில் மட்டும் ஒழுகுகிறதே என்று கூரைக்கு நன்றி சொன்னார்.

“ஓட்டை அடைக்க ஆள் கூட்டிட்டு வாங்கன்னு போன வருஷமே சொன்னேன்,” என்றார் மனைவி.

“இல்லாததைப் பாக்காதே. இருக்கிறதைப் பாரு.”

“இருக்கிறதைத்தாங்க பாக்கறேன். ஓட்டைதான் இருக்கு.”

அன்றிலிருந்து சொட்டுக்கு நேர் கீழே இருந்த பக்கம் அவர் படுக்க வேண்டும் என்று மனைவி உத்தரவிட்டார். அதற்கும் அவர் நன்றி சொன்னார். மகள் மட்டும் இந்தப் புதிய தத்துவத்தை ஆர்வத்தோடு வரவேற்றாள். கணக்கில் ஃபெயிலாகி வந்தவள், “மத்த பாடமெல்லாம் பாஸ்பா. நீங்க இருக்கிறதைப் பாருங்க” என்று மார்க் அட்டையை நீட்டினாள். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மனைவிதான் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தார்.

கம்பெனியில் இதற்குள் நன்றிக்குப் பஞ்சமில்லாதபடி நிர்வாகம் ஏற்பாடு செய்துவிட்டது. எதையாவது நிறுத்தும்போதெல்லாம் ஒரு “நன்றிக் கூட்டம்” போட வேண்டும் என்பது திட்டம். முதலில் சாயங்கால டீயோடு கொடுத்த பன்னை நிறுத்தினார்கள். கூட்டம் போட்டு, எஞ்சியிருக்கும் டீக்கு நன்றி சொன்னார்கள். அடுத்த மாதம் டீயும் நின்றது. அதற்கும் கூட்டம். தாகம் எடுப்பது ஆரோக்கியத்தின் அடையாளம், தாகம் எடுக்காதவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், ஆகவே தாகத்துக்கு நன்றி சொல்வோம் என்று மூச்சு சார் விளக்கினார். பிறகு வேலையாட்களை ஏற்றி வந்த கம்பெனி பஸ் நின்றது. எல்லாரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது.

எல்லாரும் குனிந்தார்கள். பின் வரிசையிலிருந்து மச்சான் எழுந்தார்.

“காலை எப்ப சார் நிறுத்துவீங்க? முன்கூட்டியே சொன்னா, கைக்கு நன்றி சொல்லத் தயாரா இருப்போம்.”

கூட்டக் குறிப்பில் இது “ஊழியர்களின் ஆர்வமிக்க பங்கேற்பு” என்று பதிவானது. சூப்பர்வைசர் அவசரமாகக் கைதட்டினார். ஒருங்கிணைப்பாளர் தட்டினால் எல்லாரும் தட்ட வேண்டும் என்பது விதி. கொட்டகை அதிர்ந்தது. தூசி கிளம்பியது. மச்சான் இருமினார்.

அந்த இருமல் நிற்கவில்லை. முதலில் சாயங்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு பேச்சுக்கு நடுவே வர ஆரம்பித்து, அவருடைய நல்ல நல்ல கிண்டல்களை எல்லாம் பாதியில் வெட்டியது. அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தால், ஒரு கவளத்துக்கும் மறு கவளத்துக்கும் நடுவே கையை ஊன்றி உட்கார்ந்துவிடுவார். அக்கா முதுகைத் தடவியபடி கணவரைப் பார்ப்பார். கணவர் தட்டைப் பார்ப்பார்.

அடுத்த நன்றிக் கூட்டத்தில் மச்சான் கிண்டல் ஏதும் செய்யவில்லை. அந்த மெஷினைச் சரி செய்து கொடுத்தால் தூசி அடங்கும், எல்லாருக்கும் நல்லது என்று மரியாதையாகவே கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

மூச்சு சார் அவர் இருமி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். அவ்வளவு பொறுமை எல்லாருக்கும் வராது.

“இப்ப இருமினீங்க இல்ல? இருமல் வருதுன்னா என்ன அர்த்தம்?”

“தூசின்னு அர்த்தம் சார்.”

“இல்ல. மூச்சு இருக்குன்னு அர்த்தம். மூச்சு இல்லாதவன் இருமுவானா? அதுக்கு நன்றி சொல்லிட்டு உக்காருங்க.”

சூப்பர்வைசர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

மச்சானை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது அக்காதான். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார், என்ன வேலை என்று விசாரித்தார். இந்தத் தூசியில் இனி நிற்கக் கூடாது, அல்லது தூசியாவது நிற்க வேண்டும், இரண்டில் ஒன்று என்று சொல்லி அனுப்பினார். வேறு வேலை அந்தச் சமயத்தில் எங்கும் இல்லை. ஊரே ஆள் குறைத்துக்கொண்டிருந்தது. ஆகவே தூசிதான் நின்றாக வேண்டும்.

அன்று சாயங்காலம் மனைவி தையல் மெஷினை மூடி வைத்துவிட்டுக் கணவர் எதிரில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

“நீங்க யார்கிட்டயும் சண்டை போட வேணாம். முதலாளி ரூமுக்குப் போங்க. மெஷினை ரிப்பேர் பண்ணிக் குடுங்கன்னு கேளுங்க. அவ்வளவுதான். எங்க, சொல்லுங்க பாப்போம்.”

சூப்பர்வைசர் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை பாதியில் நின்றது. மனைவி மறுபடி சொல்லச் சொன்னார். மகள் முதலாளியாக நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகைக்கு உதவினாள். தூங்கப் போகும் நேரத்துக்கு அவர் அந்த வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லத் தேர்ச்சி பெற்றிருந்தார்.

மறுநாள் முதலாளியின் அறைக்குள் போனார். முதலாளி, உட்காருங்க என்றார். நாற்காலிக்கு நன்றி என்றார் சூப்பர்வைசர். ஏ.சி. ஜில்லென்று இருந்தது. குளிர்ச்சிக்கு நன்றி என்றார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று முதலாளி கேட்டார். மச்சான் என்று ஆரம்பித்தார், ஆனால் கேட்டதற்கு நன்றி என்றுதான் வாய் முடித்தது. பழக்கம் அப்படி. அரைத்து அரைத்துச் சுழலும் கல்லில் எதைப் போட்டாலும் மாவாகத்தானே வரும். முதலாளி மிகவும் நெகிழ்ந்து, ஒரு நல்ல செய்தியை அவரிடம்தான் முதலில் சொல்வதாகச் சொன்னார். நகரத்துத் தொழிலதிபர்கள் சங்கம் இந்தக் கம்பெனிக்கு “நன்றிப் பண்பாட்டு விருது” கொடுக்கப் போகிறது. விழா ஃபோம் பிரிவிலேயே நடக்கும். விழாவில் நன்றியுரை ஆற்றும் பெருமை நன்றி ஒருங்கிணைப்பாளருக்கே.

வெளியே வந்து கதவை மூடிய பிறகுதான் சூப்பர்வைசருக்கு, தான் வந்த காரியம் நினைவு வந்தது. கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி தட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் மனைவி, கேட்டீங்களா என்றார். விருது கிடைத்திருக்கிறது என்றார் அவர். மனைவி தையல் மெஷினுக்குத் திரும்பினார். அது வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

விழாவுக்காகக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது. அதற்குள் கையில் இருந்த ஆர்டரை முடித்துவிட வேண்டும் என்று பிளேடை இடைவெளியில்லாமல் ஓட்டினார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், மச்சான் ஒரு கட்டியைத் தள்ளிவிட்டு, அடுத்த கட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினார். கை போய்ச் சேரவில்லை. ஃபோம் மேலேயே சாய்ந்துவிட்டார். நல்ல மிருதுவான ஃபோம், அடி படவில்லை. உதடு மட்டும் நீலமாக இருந்தது.

சூப்பர்வைசர் ஓடிப்போய்ப் பிளேடை நிறுத்தினார். மச்சானை மடியில் போட்டுக்கொண்டு அவர் முகத்திலிருந்த மஞ்சள் தூசியைச் சட்டையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க மேலேயிருந்து புதுத் தூசி வந்து படிந்துகொண்டிருந்தது. கம்பெனி பஸ் நின்றுவிட்டதால், மெத்தை ஏற்றும் வேனில்தான் அவரைக் கொண்டுபோக முடிந்தது. ஒரு மெத்தையை விரித்துப் படுக்க வைத்தார்கள். சொந்தக் கையால் சீவிய மெத்தையில் அவர் படுத்தது அதுதான் முதல் தடவை.

நிர்வாகம் மனிதாபிமானத்தோடு நடந்துகொண்டது. மச்சானை “நன்றியுடன் விடுவிப்பதாக” உடனே முடிவெடுத்தது. பூப்படம் போட்ட வாழ்த்து அட்டை ஒன்றில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பொறுப்பைச் சூப்பர்வைசரிடமே ஒப்படைத்தது.

ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலோடு கட்டில் ஒட்டிக் கிடந்தது. மச்சானின் மூக்கில் குழாய் மாட்டியிருந்தார்கள். சூப்பர்வைசர் ஸ்டூலில் உட்கார்ந்து அட்டையைக் கொடுத்தார். மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தார். ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று சூப்பர்வைசர் எதிர்பார்த்தார். சொன்னால் நன்றாக இருக்கும் என்று கூட நினைத்தார். மச்சான் மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார்.

“மாமா. சும்மா இருந்தவனுக்கு நீங்கதான் வேலை வாங்கிக் குடுத்தீங்க. அதை நான் உங்ககிட்ட சொன்னதே இல்ல. நன்றி மாமா.”

அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் ஊருக்கெல்லாம் நன்றி வினியோகம் செய்த அந்த மனிதருக்கு, தனக்கு வந்த ஒன்றை எங்கே வாங்கி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, குழாயைத் திறந்துவிட்டு, பாட்டில் நிரம்பி வழிந்து கை நனைந்து சட்டை நனைவது வரை நின்றிருந்தார்.

விழா நாளன்று காலை, மனைவி அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். பல நாட்களாக அவர் கணவரிடம் அதிகம் பேசவில்லை. சட்டையை நீட்டும்போது கேட்டார்.

“இன்னிக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“எல்லாருக்கும் நன்றின்னு சொல்லணும்.”

“எல்லாருக்கும்னு சொன்னா யாருக்கும் சொல்லாத மாதிரி. சொல்றதுன்னா முழுசாச் சொல்லுங்க. யாருக்கு, எதுக்குன்னு சொல்லுங்க.”

சூப்பர்வைசர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி தலையை ஆட்டினார்.

கொட்டகை கல்யாண வீடு மாதிரி ஜோடிக்கப்பட்டிருந்தது. ஃபோம் கட்டிகளை எல்லாம் வெளியே தள்ளி, தரையைக் கழுவி, மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்துப் பெரிய பேனர். அதில் சூரியன் உதிக்க, சிரித்த முகங்கள் வரிசையாக நிற்க, மேலே கொட்டை எழுத்தில் “நன்றி” என்று இருந்தது. மேடையில் முதலாளி, சங்கத் தலைவர், மூச்சு சார், தொழிற்சாலை ஆய்வாளர் ஆகியோர் வீற்றிருந்தார்கள். ஆய்வாளரின் மேலதிகாரியான அம்மையார் ஒருவரும் வந்திருந்தார். அவர் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. விழாவுக்கு வந்தால் எல்லாரையும் அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று ஆய்வாளர்தான் அழைத்து வந்திருந்தார்.

வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, விருது வழங்கல் எல்லாம் முறைப்படி நடந்தன. நன்றியுரையின் இலக்கணம் நமக்குத் தெரியும். அது ஆரம்பிக்கும்போது விருந்தினர்கள் எழுந்துகொள்வார்கள், நாற்காலிகள் இழுபடும், பேசுகிறவர் தனக்குத்தானே பேசி முடிப்பார். அன்றும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் சூப்பர்வைசர் மைக்கைப் பிடித்த நேரத்தில் வெளியே மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மனித சரித்திரத்திலேயே முதன்முறையாக ஒரு நன்றியுரைக்கு முழுக்கூட்டம் கிடைத்தது.

“எல்லாருக்கும் வணக்கம். முதல்ல நம்ம முதலாளிக்கு நன்றி சொல்லணும். தூசி இழுக்கிற மெஷின் கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சு. அதுக்குச் செலவு பண்ணாம, அந்தக் காசுல நமக்கு நன்றி சொல்லப் பயிற்சி குடுத்தாரு. அவருக்கு நன்றி.”

நன்றி என்ற சொல் கேட்டால் தட்ட வேண்டும் என்று பழகிய கைகள் தட்டின. முதலாளியும் தட்டினார். தகரத்தில் மழைச் சத்தம். தன் பதவிப் பெயர் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது.

“அடுத்தது ஆய்வாளர் ஐயா. வருஷா வருஷம் வருவாரு. ஃபோம் பிரிவுக்குள்ள வந்து எங்க வேலையைக் கெடுக்க மாட்டாரு. ஆபீஸ் ரூம்லயே உக்காந்து, எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு. அவர் வீட்டுக்கு முதலாளி அனுப்பின டபுள் மெத்தையை மாடி வரைக்கும் தூக்கிட்டுப் போனது நான்தான். குடிக்கத் தண்ணி குடுத்தாரு. தண்ணிக்கும் சேத்து நன்றி.”

மறுபடி கைதட்டல். இந்த முறை முதலாளி தட்டவில்லை. ஆய்வாளர் கைக்குட்டையைத் தேடினார். அம்மையார் தன் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மூச்சு சாருக்கு நன்றி. இருமல் வந்தா மூச்சு இருக்குன்னு அர்த்தம்னு சொல்லிக் குடுத்தாரு. என் மச்சான் ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட கிடக்கிறான். அந்த மூச்சைத்தான் தேடிக்கிட்டிருக்கான்.”

இதற்குக் கைதட்டல் வரவில்லை. ஆனால் சூப்பர்வைசர் நிறுத்தவில்லை.

“அவனை இந்த இடத்துல கொண்டுவந்து நிறுத்தினவன் நான். அவன் மெஷினைக் கேட்டப்ப, கேக்க விடாம கைதட்டினவனும் நான். அதனால எனக்கும் சொல்லிக்கிறேன். கடைசியா, பின்னாடி இருக்கிற இந்தப் பேனருக்கு நன்றி. அந்த மெஷின் யார் கண்லயும் படாம இது ஒண்ணுதான் மறைச்சுக்கிட்டிருக்கு.”

அம்மையார் எழுந்தார். யாரும் தடுப்பதற்குள் பேனரின் ஓரத்தைத் தூக்கிவிட்டுப் பின்னால் போனார். சூரிய உதயத்துக்கு அடியில் அவருடைய செருப்பு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. திரும்பி வந்தபோது அவர் புடவைத் தோளில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. இது எப்போதிலிருந்து ஓடவில்லை என்று கேட்டார். சும்மா பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார் முதலாளி. அம்மையார் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் மழையைப் பார்த்தார்.

அன்றைக்கே ஃபோம் பிரிவை மூடச் சொல்லி உத்தரவானது. மெஷின் ஓடினால்தான் பிளேடு ஓடலாம். மாதக்கணக்கில் வாங்க முடியாமலிருந்த மோட்டார் ஒரு வாரத்துக்குள் கிடைத்துவிட்டது. இப்போது அந்தக் கொட்டகையில் எதிர்ச் சுவர் தெரிகிறது என்று சொல்கிறார்கள். அதற்காக அங்கே யாரும் கூட்டம் போட்டு நன்றி சொன்னதாகத் தகவல் இல்லை.

சூப்பர்வைசரை முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

“சோறு போட்ட கையையே கடிச்சிட்டியே. நன்றி கெட்டவனே, வெளிய போ.”

சூப்பர்வைசரின் வாய் பழக்க தோஷத்தால் “நன்றிங்க” என்று ஆரம்பித்தது. பாதியில் அவர் அதை நிறுத்திக்கொண்டார். மஞ்சள் வில்லையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மச்சானுடைய வைத்தியச் செலவைக் கம்பெனிதான் பார்க்க வேண்டும் என்று தடுமாறாமல் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அதற்கு யாரும் அவருக்கு ஒத்திகை நடத்தியிருக்கவில்லை. அந்தச் செலவு விஷயம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனை என்பது ஓடாமல் நிற்கும் இன்னொரு மெஷின்.

வேலை போன நாளன்று மனைவி அவரைத் திட்டுவார் என்றுதான் அவர் நினைத்தார். மனைவி கட்டிலை இழுத்து ஈரம் படாத பக்கம் போட்டுவிட்டு, சாப்பிட வாங்க என்றார். இப்போது சூப்பர்வைசர் ஒரு பாத்திரக் கடையில் கணக்குப் பார்க்கிறார். வீட்டில் நன்றி சொல்வதை நிறுத்திவிட்டார். பாத்திரம் கழுவ ஆரம்பித்திருக்கிறார்.

விருது திரும்பப் பெறப்படவில்லை. கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது, அழிக்க முடியாது என்று சங்கம் தெரிவித்தது. ஆய்வாளர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார், மெத்தையையும் கொண்டுபோயிருக்கிறார். முதலாளி மனம் தளராமல் மறுபடி மலையேறி, இன்னொரு மகத்தான கண்டுபிடிப்போடு இறங்கியிருக்கிறார். இந்த முறை “மன்னிப்பு”. பிறர் செய்த தீங்கை மன்னித்துவிட்டால் உடம்பு இலேசாகும் என்று ஊழியர்களுக்கு மூச்சு சார் வாரா வாரம் கண்ணை மூடிச் சொல்லிக் கொடுக்கிறார்.

இவ்வளவுக்கும் பிறகு நன்றியுணர்வு அழிந்துவிட்டதோ என்று கவலைப்படுகிறவர்கள் மச்சானைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். உள்ளே போன தூசி போனதுதான், வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பார்கள். மச்சான் தூசியிட்டவரை நினைக்கிறார். அக்கா வீட்டு மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு நினைக்கிறார்.